சந்திரனின் மறுபுறத்துச் சாட்சி

சந்திரனுக்கு ஒரு முதுகு உண்டு என்பதை எக்காலத்திலும் எவரும் மறுத்ததில்லை. ஆயினும் 1959-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 7-ஆம் தேதி வரையில் அந்த முதுகைக் கண்ட மனிதரும் இல்லை, கண்ட யந்திரமும் இல்லை. சந்திரன் தன்னைத் தானே ஒரு முறை சுற்றிக்கொள்ளும் காலமும், பூமியை ஒரு முறை வலம்வரும் காலமும் ஒன்றாகவே, 27 நாளும் சில மணியுமாக, அமைந்திருக்கின்றன. ஆகையால் அது எந்நாளும் ஒரே முகத்தை நமக்குக் காட்டி வருகிறது. வலம்வரும்போது சற்றுத் தலையசைப்பதால் ஓரங்களில் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தும் நூற்றுக்கு 59 பங்குதான் நமக்குக் கிட்டும். மீதி 41 பங்கைப் பற்றி வான சாஸ்திரிகள் நூற்றாண்டுக் கணக்கில் ஊகித்தார்களே தவிர, அறிந்தார்களில்லை.

இந்த மறுபுறத்தை ‘இருண்ட பக்கம்’ என்று எழுதுவது பத்திரிகைகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. ஆங்கிலத்தில் கண்டதை அப்படியே எடுத்துக்கொண்டதன் பலன் இது. துருவங்களின் ஓரம் நீங்கலாகச் சந்திரனில் எந்த இடத்திலும் ஏறக்குறையப் பதினான்கு நாள் பகல், பதினான்கு நாள் இரவு. நமக்கு அமாவாசையாக இருக்கும் நாளில் மறுபுறம் முழு வெயிலில் காய்கிறது. அது இருட்டில் இல்லை. நம் பார்வையில் இல்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு எளிதில் விளங்கும். சாட்சியே இல்லாத விஷயம் வேறு. சாட்சி இருந்தும் கூண்டில் ஏற்றப்படாத விஷயம் வேறு.

அவ்வாறு கூண்டில் ஏற்றப்படாத ஒரு சாட்சியைப் பற்றி இன்று எழுதப் புகுந்தோம். மறுபுறத்தின் தென்பாதியில், சந்திரனுடைய நடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 20 பாகையில், சியோல்கோவ்ஸ்கி என்ற பெயருடைய பெருங்குழி ஒன்று இருக்கிறது. அதன் குறுக்களவு சுமார் 185 கிலோமீட்டர். இதைவிடப் பெரிய குழிகள் சந்திரனில் பல உண்டு. ஆயினும் சந்திரன் எவ்வாறு உண்டாயிற்று, அதன் மேலோடு எதனால் ஆயது, அதன் இரு முகங்களும் ஏன் ஒன்றுபோல் இல்லை என்னும் வழக்கில், இவ்வளவு விஷயங்களை ஒரே இடத்தில் சொல்லக்கூடிய குழிகள் மிகச் சிலவே.

1959-இல் சோவியத் ருஷ்யா அனுப்பிய ‘லூனா 3’ என்னும் கலமே முதன்முதலில் அப்புறத்தைப் படம் பிடித்தது. அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள், மறுபுறத்தின் பெரும்பகுதி வெயிலில் இருந்த சமயம் பார்த்து, 65,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, 40 நிமிஷ காலத்தில் 29 படங்களை அது எடுத்தது. அந்தக் காலத்து யந்திரத்துக்கு அது சிறிய காரியமன்று. பிலிமைக் கலத்துக்குள்ளேயே கழுவி, உலர்த்தி, ஒரு சிறு ஒளிப்புள்ளியால் வரிவரியாக வருடி, அதன் வெளுப்பையும் கறுப்பையும் ரேடியோ மூலம் பூமிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வந்து சேர்ந்த படங்கள் மங்கலானவை. மழை நாளில் கண்ணாடி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பது போன்றவை. எனினும் மறுபுறத்தில் நூற்றுக்கு 70 பங்கு அவற்றில் அடங்கியிருந்தது. உலகம் எதிர்பாராத ஒரு செய்தியும் அடங்கியிருந்தது. நாம் தினம் பார்க்கும் முகத்தில் பரவிக் கிடக்கும் கறுத்த சமவெளிகள், கற்பனை வளம் மிகுந்தவர்கள் முயலாகவும் மானாகவும் கண்ட அந்தக் களங்கங்கள், மறுபுறத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை. எங்கும் வெளுத்த மேட்டு நிலம். அந்த வெளுப்பின் நடுவே ஒரு கறுத்த பொட்டு; அந்தப் பொட்டின் உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி. அதுவே சியோல்கோவ்ஸ்கி.

கண்டவர்கள் பெயரிடும் உரிமையை உடனே செலுத்தினார்கள். மாஸ்கோ நகரத்தின் பெயரால் ஒரு கறுத்த சமவெளியை ‘மாஸ்கோ கடல்’ என்றார்கள். தங்கள் ராஜ்யத்தின் பெயரால், படத்தில் நீண்ட வெள்ளைக் கோடாகத் தெரிந்த ஒன்றைச் ‘சோவியத் மலைத்தொடர்’ என்றார்கள். லோமொனோஸொவ், மெண்டலேயெவ், பாஸ்டர், எடிசன், மாக்ஸ்வெல் முதலிய விஞ்ஞானிகளுக்கும், ஐந்தாம் நூற்றாண்டுச் சீனக் கணித மேதையான சூ சோங்ஜி என்பவருக்கும் இடம் அளித்தார்கள். பெரும்பாலான இப்பெயர்களைச் சர்வதேச வான சாஸ்திர சங்கம் 1961-இல் அங்கீகரித்தது.

பின்னர் நடந்ததுதான் ரசமான விஷயம். 1965-இல் ருஷ்யர்களின் ‘ஸோண்ட் 3’ என்னும் கலமும், அதை அடுத்து அமெரிக்காவின் ‘லூனார் ஆர்பிட்டர்’ கலங்களும் தெளிவான படங்களை அனுப்பவே, சோவியத் மலைத்தொடர் என்று ஒரு மலைத்தொடரே இல்லை என்பது வெளிப்பட்டது. சில குழிகளிலிருந்து சிதறித் தெறித்த வெளுத்த தூள், நீண்ட கதிர்களாகத் தரையில் படிந்து கிடந்ததே மங்கிய படத்தில் மலைபோல் தோன்றியிருந்தது. பெயர் இருந்தது, மலை இல்லை. சந்திரப் படங்களிலிருந்து அப்பெயர் நீக்கப்பட்டது. ராஜ்யத்தின் பெயர் பெற்ற மலை இவ்வாறு மறைய, ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயரின் பெயர் பெற்ற குழி மட்டும் ஒவ்வொரு புதிய படத்திலும் முன்னிலும் தெளிவாகத் துலங்கி வந்திருக்கிறது. தேசாபிமானத்தை நாம் குறைத்துப் பேசுவோம் என்று நமது நேயர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் ஸ்தலத்தைச் சரியாகப் பாராமல் பட்டா எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்கு அகப்படவில்லை.

அந்த உபாத்தியாயர் யார் என்பதையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி 1857-இல் ருஷ்யாவின் ஒரு கிராமத்தில் பிறந்து, சிறு வயதில் விஷ ஜ்வரத்தால் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்து, பள்ளிப் படிப்பை ஒழுங்காக முடிக்க இயலாமல் மாஸ்கோவின் புத்தகசாலையில் தாமே படித்து, கலுகா என்னும் சிற்றூரில் கணக்கு உபாத்தியாயராகக் காலம் கழித்தவர். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்த அதே 1903-ஆம் வருஷத்தில், வாணத்தைப் போல் பின்னோக்கிப் புகை கக்கும் யந்திரத்தால் பூமியை விட்டே வெளியேற முடியும் என்பதைக் கணித முறையில் நிரூபித்து அவர் கட்டுரை வெளியிட்டார். 1935-இல் அவர் இறந்தபோது எந்தக் கலமும் பூமியை விட்டுச் சென்றிருக்கவில்லை.

இனிக் குழிக்கு வருவோம்.

முந்நூற்றைம்பது கோடி ஆண்டுகளை ஒட்டிய ஒரு காலத்தில், மலையளவான ஒரு விண்கல், ஒரு விநாடிக்குப் பல கிலோமீட்டர் என்ற வேகத்தில் அங்கே வந்து மோதியது என்பது பூகர்ப்ப சாஸ்திரிகளின் முடிவு. அத்தகைய மோதலில் கல் நிலத்தில் குத்திக்கொண்டு நிற்பதில்லை. அதன் வேகம் முழுவதும் ஒரு கணத்தில் உஷ்ணமாகவும் அதிர்ச்சியாகவும் மாறி, கல்லில் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. சுற்றிலும் உள்ள பாறை நீரைப் போல் ஓடுகிறது. குளத்தில் கல் விழுந்தால் நீர் முதலில் குழிந்து, பிறகு நடுவில் ஒரு துளி மேலெழும்புவதைப் பார்த்திருக்கிறோம். அதுவே அங்கும் நடந்தது. நீருக்குப் பதில் பாறை. குளத்து நீர் மறுபடி மட்டமாகிவிடும். பாறையோ எழும்பிய நிலையிலேயே உறைந்து, குழியின் நடுவில் ஒரு மலையாக நின்றுவிட்டது. ஆழமாக வெட்டப்பட்ட சுவர்கள் தம் பாரம் தாங்காமல் உட்புறம் சரிந்து, படிப்படியான மேடைகளாக அமர்ந்தன. இவ்வளவும் நிகழ ஆன காலம் நாட்களன்று, நிமிஷங்களே.

லூனா 3 கண்ட வெள்ளைப் புள்ளி இந்த மைய மலைதான். இதன் மதிப்பு உயரத்தில் இல்லை, பிறப்பிடத்தில் இருக்கிறது. மேலெழும்பிய அந்தப் பாறை, மோதலுக்கு முன் நிலமட்டத்துக்குக் கீழே பத்துக் கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடந்தது. பூமியில் அவ்வளவு ஆழத்துக்கு மனிதன் துளைத்த துளை ருஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் ஒன்று உண்டு. 12 கிலோமீட்டரைச் சிறிது தாண்டுவதற்குள் பல வருஷங்கள் பிடித்தன. சந்திரனிலோ இயற்கையே துளைத்து, அடியில் இருந்ததை எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறது. போய் எடுப்பவர் இல்லை என்பதுதான் குறை.

எடுக்காவிட்டாலும் தூரத்திலிருந்து விசாரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கனிமமும் சூரிய வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்போது சில நிறங்களைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறைவைக் கொண்டு கனிமம் இன்னதென்று நிர்ணயிக்கலாம். 1994-இல் அமெரிக்காவின் ‘க்ளெமெண்டைன்’ கலம் இவ்வகையில் எடுத்த படங்களை ஆராய்ந்து, கார்லே பீட்டர்ஸ், ஸ்டெபனி டாம்ப்கின்ஸ் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் 1999-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மைய மலையில் அனார்த்தோசைட் என்னும் வெண்பாறையும், அதோடு ஆலிவின் என்னும் பசுங்கனிமம் கலந்த பாறையும் இருப்பதை அவர்கள் எடுத்துக் காட்டினர்.

அனார்த்தோசைட் என்ற பெயரைக் கேட்டு நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சந்திரன் பிறந்த புதிதில் அதன் மேற்பரப்பு முழுவதும் பல நூறு கிலோமீட்டர் ஆழத்துக்கு உருகிய பாறைக் கடலாகக் கொதித்துக்கொண்டிருந்தது என்றும், அது ஆறும்போது கனமான கனிமங்கள் அடியில் படிய, லேசான வெண்கனிமம் பாலின் மேல் ஆடை படர்வது போல் மிதந்து மேலோடாக உறைந்தது என்றும் ஒரு கொள்கை உண்டு. அந்த ஆடையே அனார்த்தோசைட். 1969-இல் அபோலோ 11 கொண்டுவந்த மண்ணில் இருந்த சில வெள்ளைத் துணுக்குகளிலிருந்து பிறந்தது இக்கொள்கை. சியோல்கோவ்ஸ்கியின் மைய மலை அந்த ஆடையின் உட்புறத்தை வெட்டிக் காட்டும் இடம்.

இந்தப் பாறை நமக்கு அந்நியமானதன்று என்பது பலருக்குத் தெரிந்திராது. நாமக்கல் ஜில்லாவில் சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் கிராமங்களில், சந்திரனின் மேட்டு நிலத்தை ஒத்த, சுண்ணாம்புச் சத்து மிகுந்த அனார்த்தோசைட் பாறை விளைந்து கிடக்கிறது. சந்திரயான் கலங்களின் இறங்கு யந்திரத்தையும் உருளும் வண்டியையும் பரீக்ஷை செய்யச் சந்திர மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தபோது, நமது விண்வெளி ஸ்தாபனத்தார் இந்தப் பாறையைப் பொடித்தே அதைத் தயாரித்தார்கள். அதற்காகப் பெற்ற காப்புரிமையும் இருக்கிறது. சந்திரனின் மறுபுறத்து மலையோடு உறவு கொண்டாடும் கல், வயலுக்கும் கிணற்றுக்கும் நடுவே நம்மவர் காலடியில் கிடக்கிறது.

இனி அந்தக் கறுத்த பொட்டைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாக மறுபுறத்துக் குழிகளின் தரை சுற்றுப்புறத்தைப் போலவே வெளுத்திருக்கும். சியோல்கோவ்ஸ்கியின் தரையோ மை கொட்டியது போல் இருக்கிறது. அது மோதலில் உருகிய பாறை அன்று. மோதலுக்குப் பின்னர், பிளவுகளின் வழியாகச் சந்திரனின் உள்ளிருந்து எரிமலைக் குழம்பு ஊறி வந்து, தரையில் பரவி, மைய மலையைச் சுற்றி உறைந்த பஸால்ட் என்னும் கரும்பாறை அது. தக்ஷிண பீடபூமியில் அஜந்தா, எல்லோராக் குகைகளைக் குடைந்த கல்லும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஆகவே மைய மலை, கறுத்த ஏரியில் நிற்கும் வெண்மையான தீவைப்போல் காட்சி தருகிறது. அபோலோ வீரர்கள் மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் இந்த வர்ணனை மிகையன்று என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

இங்கேதான் வழக்கின் முக்கிய விவாதம் எழுகிறது. நாம் காணும் முகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இத்தகைய கரும்பாறைச் சமவெளி. மறுபுறத்தில் அது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேல் இல்லை. ஒரே சந்திரனுக்கு இரு முகம் எப்படி வந்தது? 2012-இல் அமெரிக்காவின் ‘க்ரெயில்’ என்னும் இரட்டைக் கலங்கள் சந்திரனின் ஈர்ப்பு விசையை அங்குலம் அங்குலமாக அளந்ததிலிருந்து, மறுபுறத்தின் மேலோடு முன்புறத்தைவிடத் தடித்தது என்பது நன்கு ஊர்ஜிதமாகியிருக்கிறது. தடித்த ஓட்டைத் துளைத்துக் குழம்பு மேலே வருவது கடினம். இது ஒரு காரணம். உஷ்ணம் தரும் கதிரியக்கப் பொருள்கள் முன்புறத்தின் ஒரு பகுதியில் அதிகமாகத் திரண்டிருப்பது மற்றொரு காரணம் என்பார்கள். ஆனால் இவை ஏன் அப்படித் திரண்டன, ஓடு ஏன் ஒரு பக்கம் தடித்தது என்று கேட்டால், ஆளுக்கு ஒரு பதில். ஆதியில் இரண்டு சந்திரன்கள் இருந்தன என்றும், சிறியது பெரியதன் முதுகில் அப்பிக்கொண்டது என்றும் கூடச் சொன்னவர்கள் உண்டு.

ஓடு தடித்தது என்ற காரணம் மட்டும் போதாது என்பதற்குச் சியோல்கோவ்ஸ்கியே பிரமாணம். அதற்கு மேற்கே, சுவரோடு சுவர் ஒட்டியபடி, பெர்மி என்னும் மிகப் பழைய பெருங்குழி கிடக்கிறது. அளவில் அதுவும் இதற்குக் குறைந்ததன்று. சொல்லப்போனால் பெர்மியின் கிழக்குச் சுவரை இடித்துக்கொண்டுதான் சியோல்கோவ்ஸ்கி உண்டாயிற்று. ஆனால் பெர்மியின் தரையில் கரும்பாறைச் சமவெளி இல்லை. அடுத்த வீட்டில் ஊற்றுப் பீறிட்டு முற்றம் நிறைந்திருக்க, இந்த வீட்டுக் கிணறு வறண்டு கிடக்கிறது. பழைய குழிக்கு வராத குழம்பு புதிய குழிக்கு மட்டும் வந்தது ஏன்? புதிய மோதல் ஓட்டை அதிகம் மெலியச் செய்ததா, அல்லது குழம்பு ஊறிய காலத்தோடு பொருந்தி நடந்ததா? இரண்டு இடத்துக் கல்லையும் கையில் எடுத்து வயது பார்த்தாலன்றித் தீராத கேள்வி இது.

பெர்மியின் பக்கமாகவே மற்றோர் ஆச்சரியமும் இருக்கிறது. சியோல்கோவ்ஸ்கியின் மேற்குக் கரை ஒரு காலத்தில் பெயர்ந்து, பெர்மியின் தரை மேல் பல பத்துக் கிலோமீட்டர் தூரம் மண்சரிவாகப் பாய்ந்திருக்கிறது. அந்தச் சரிவின் மேல் ஏர் உழுதது போன்ற நீண்ட சால்கள் ஓடுகின்றன. நம் மலைநாடுகளில் மண் சரிவது அடைமழையால். மழையும் இல்லை, காற்றும் இல்லை, நிலத்தடி நீரும் இல்லை என்ற ஓரிடத்தில் மலை எப்படி அவ்வளவு தூரம் வழுக்கி ஓடிற்று என்பது, பூமியின் மலைச்சரிவுகளை ஆராய்பவர்களுக்கே ஒரு பாடம்.

சாட்சியத்தில் ஒரு முரண்பாடும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. சந்திரனின் தரை மீது நுண்ணிய விண்தூசி ஓயாமல் பொழிந்துகொண்டிருப்பதால், பாறைகள் காலப்போக்கில் பொடிந்து மண்ணாகிவிடும். எனவே பழைய குழிகளில் பெரும் பாறைகள் குறைவாகவே இருக்கும். பாறைகள் இரவிலும் சூட்டை வைத்துக்கொண்டிருக்கும். மண் விரைவில் குளிர்ந்துவிடும். 2009-இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் ‘லூனார் ரிகானஸன்ஸ் ஆர்பிட்டர்’ என்னும் கலம் இவ்வித்தியாசத்தைக் கொண்டு எங்கெங்கே பாறை மிகுதி என்று சந்திரன் முழுவதும் அளந்தது. சியோல்கோவ்ஸ்கி தன் வயதுக்குப் பொருந்தாத அளவு பாறைகள் நிறைந்து காணப்படுகிறது. சிறு குழிகளை எண்ணிக் கணக்கிட்டால் கிழம்; பாறைகளைப் பார்த்தால் இளமை. மோதலில் உருகி உறைந்த பாறை அங்கே அசாதாரண உறுதியுடன் இருந்து இன்றளவும் துண்டு துண்டாக வெளிப்பட்டு வருகிறது என்று சிலர் சமாதானம் கூறியிருக்கிறார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் சமாதானம் வேறு, ருசு வேறு.

ஏனெனில், சந்திர நிலத்தின் வயதைக் கணக்கிடும் முறைக்கே அடிப்படையாக இருப்பது எது என்று பார்க்க வேண்டும். ஒரு தரையில் எத்தனை சிறு குழிகள் விழுந்திருக்கின்றன என்று எண்ணி, அதிகக் குழி உள்ள தரை பழையது என்று கொள்கிறார்கள். ஆனால் இத்தனை குழிக்கு இத்தனை கோடி ஆண்டு என்னும் அளவுகோலைத் தந்தவை, பூமிக்குக் கொண்டுவந்து வயது பார்க்கப்பட்ட கற்கள். அவை எங்கிருந்து வந்தன? 1969 முதல் 1972 வரை ஆறு அபோலோ கலங்கள் இறங்கி 382 கிலோகிராம் கொண்டுவந்தன. 1970-க்கும் 1976-க்கும் இடையே ருஷ்யாவின் மூன்று லூனா யந்திரங்கள் சில நூறு கிராம் கொண்டுவந்தன. 2020-இல் சீனாவின் ‘சாங்கே 5’ 1,731 கிராம் கொண்டுவந்தது. இவை அத்தனையும் முன்புறத்துக் கற்கள். சந்திரனிலிருந்து தெறித்துப் பூமியில் தாமாக விழுந்த கற்கள் சில உண்டு. அவற்றில் மறுபுறத்தவையும் இருக்கலாம். ஆனால் அவை விலாசம் இல்லாத கடிதங்கள். ஆக, ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சந்திரனைப் பற்றிய தீர்ப்புகளெல்லாம் ஒரு தரப்புச் சாட்சியத்தின் மேல் எழுதப்பட்டவை. நமது நியாயஸ்தலங்களில் இதற்கு எக்ஸ்பார்ட்டி என்று பெயர்.

மறு தரப்பையும் விசாரிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் வாதாடினார். அபோலோ வீரர்களில் தொழில்முறைப் பூகர்ப்ப சாஸ்திரியாக இருந்த ஒரே மனிதர் ஹாரிஸன் ஷ்மிட். கடைசி யாத்திரையான அபோலோ 17-ஐச் சியோல்கோவ்ஸ்கியில் இறக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சந்திரனின் உடலே நடுவில் மறைப்பதால் அங்கிருந்து பூமியோடு நேரே பேச முடியாது. ஆகவே சந்திரனுக்கு அப்பால் சிறிய துணைக்கோள்களை நிறுத்தி, செய்தியை அவற்றின் வழியாக மாற்றி அனுப்பலாம் என்றும், அதற்கு அமெரிக்காவிடம் ஏற்கனவே இருந்த வகைத் துணைக்கோள்களே போதும் என்றும் அவர் யோசனை கூறினார். செலவு அதிகம், அபாயம் அதிகம் என்று மேலிடத்தார் நிராகரித்தார்கள். 1972 டிசம்பரில் அபோலோ 17 முன்புறத்தில் டாரஸ்-லிட்ரோ என்னும் பள்ளத்தாக்கில் இறங்கியது. ஷ்மிட் அங்கே நடந்தார், சியோல்கோவ்ஸ்கியில் அல்ல.

அந்த நிராகரிப்பை நாம் அநியாயம் என்று சொல்லமாட்டோம். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன், 1970 ஏப்ரலில், அபோலோ 13-இன் பிராணவாயுத் தொட்டி வெடித்து, மூன்று பேர் சந்திரனைச் சுற்றிக்கொண்டு உயிர் தப்பித் திரும்பியிருந்தார்கள். முடங்கிய கலத்தில் மறுபுறத்தைக் கடந்தபோதும் அவர்கள் காமிராவை எடுத்துச் சியோல்கோவ்ஸ்கியைப் படம் பிடித்தார்கள் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அப்படியோர் அனுபவத்துக்குப் பின், ரேடியோ நேரே எட்டாத இடத்தில் ஆட்களை இறக்கத் தயங்கியவர்களைக் கோழைகள் என்று யார் சொல்லக்கூடும்? நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே: அந்த மனு செலவையும் அபாயத்தையும் முன்னிட்டுத் தள்ளுபடி செய்யப்பட்டதே அன்றி, அதன் நியாயத்தைக் கேட்டுத் தள்ளப்படவில்லை. அவ்வாறு தள்ளப்பட்ட மனுவை, காரணங்கள் நீங்கியதும் மறுபடி எடுப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை.

காரணங்கள் நீங்கிவிட்டன என்பதைச் சீனர்கள் காட்டிவிட்டார்கள். ஷ்மிட் சொன்ன யோசனையின்படியே 2018-இல் சந்திரனுக்கு அப்பால் ஒரு துணைக்கோளை முதலில் நிறுத்தி, 2019 ஜனவரி 3-ஆம் தேதி ‘சாங்கே 4’ என்னும் யந்திரத்தை மறுபுறத்தில் வான் கார்மன் குழியில் இறக்கினார்கள். 2024 ஜூன் மாதத்தில் ‘சாங்கே 6’ அதே மறுபுறத்தில் அபோலோ என்னும் பெரும்பள்ளத்தில் இறங்கி, 1,935 கிராம் மண்ணும் கல்லும் அள்ளிப் பூமிக்குக் கொணர்ந்தது. அமெரிக்கர்களின் பெயர் பெற்ற பள்ளத்தில் சீனர்கள் இறங்கியது காலத்தின் வேடிக்கை. அந்தக் கரும்பாறைத் துகள்களில் பெரும்பாலானவற்றின் வயது சுமார் 280 கோடி ஆண்டு என்று நிர்ணயித்தார்கள். மறுபுறத்திலும் எரிமலைக் குழம்பு அவ்வளவு பிற்காலம் வரை ஊறியிருக்கிறது. அதுவே, விலாசம் தெரிந்த முதல் மறுபுறச் சாட்சியம்.

ஆயினும் இரு சீன யந்திரங்களும் இறங்கியவை தென் துருவம் முதல் எய்ட்கன் குழி வரை பரந்த மாபெரும் பள்ளத்துக்குள் உள்ள இடங்கள். அங்கே ஆதி மோதல் ஒன்று மேலோட்டைப் பெரும்பாலும் பெயர்த்து எறிந்துவிட்டது. மறுபுறத்தின் தடித்த ஓட்டை, அது தன் இயல்பான கனத்தோடு இருக்கும் நிலையில், அடிவரை பார்க்க வேண்டுமானால் அந்தப் பள்ளத்துக்கு வெளியேதான் போக வேண்டும். சியோல்கோவ்ஸ்கி அதற்கு வெளியே இருக்கிறது. ஒரே இடத்தில் மைய மலையின் வெண்பாறையையும் தரையின் கரும்பாறையையும், மோதலில் உருகி உறைந்த பாறையையும் எடுத்து மூன்றுக்கும் வயது கண்டால், குழி உண்டான காலம், குழம்பு ஊறிய காலம், ஓடு உறைந்த காலம் ஆகிய மூன்றும் ஒருங்கே தெரியவரும்.

இதில் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்குச் சில செய்திகளை நினைவூட்டுகிறோம். மறுபுறத்தில் நம்மவர் பெயர் பெற்ற குழிகள் உண்டு. ஜகதீச சந்திர போஸ், மேகநாத ஸாஹா, சிசிர குமார் மித்ரா, ஹோமி பாபா ஆகிய நால்வரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. 2008 அக்டோபர் 22-ஆம் தேதி நாம் ஏவிய சந்திரயான்-1, சந்திர மண்ணில் நீரின் அடையாளத்தைக் கண்டு உலகத்துக்கு அறிவித்ததே, அதில் இருந்த கனிம ஆராய்ச்சிக் கருவிக்குத் தலைமை வகித்தவர் நாம் முன்னே குறிப்பிட்ட கார்லே பீட்டர்ஸ் அம்மையார்தான். அந்தக் கருவி மறுபுறத்துக் குழிகளின் கனிமங்களையும் அளந்தது. 2019 ஆகஸ்டில் சந்திரனைச் சுற்றத் தொடங்கிய சந்திரயான்-2-இன் சுற்றுகலம் துருவத்துக்குத் துருவம் வலம்வருவது. அதன் பார்வைக்கு முன்புறம், மறுபுறம் என்ற பேதம் இல்லை. 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான்-3 தென் துருவத்துக்கு அருகே பத்திரமாக இறங்கியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 செப்டம்பரில், சந்திரக் கல்லைக் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு மத்திய சர்க்கார் அங்கீகாரம் அளித்தது.

சந்திரயான்-4-ஐச் சியோல்கோவ்ஸ்கிக்குத் திருப்பிவிட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. முதன்முறை கல் எடுக்கப் போகிறவர்கள் தெரிந்த வழியில் போவதே விவேகம். நாம் கேட்பது ஒன்றே. மறுபுறத்தோடு பேசுவதற்கு வேண்டிய துணைக்கோள் நம்மிடம் இல்லை. இறங்கும் கலத்தைவிட அது எளிய சாதனம். தூரத்துத் தந்தி ஆபீஸ் போல, வாங்கியதை அப்படியே மறுபக்கம் கொடுக்க வேண்டியதுதான் அதன் வேலை. அதை நிறுத்த வேண்டிய ஸ்தானமும், சந்திரனுக்கு அப்பால் சுமார் 65,000 கிலோமீட்டரில், கணித நூல்களில் வெகு காலமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய துணைக்கோள் ஒன்றை நமது விண்வெளி ஸ்தாபனத்தார் அடுத்த திட்டங்களில் சேர்க்க வேண்டும். அது ஒன்று இருந்தால், இன்றில்லாவிட்டாலும் பத்து வருஷம் கழித்து, அந்த வெள்ளைத் தீவின் அடிவாரத்தில் யந்திரம் இறக்குவது பற்றி நாம் நமது சொந்தச் செலவில், நமது சொந்த உத்தேசத்தில் யோசிக்கலாம். இல்லையானால் அயலார் துணைக்கோளுக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் எந்தக் குழி, எந்தக் கல் என்பதையும் அவர்களே நிரப்பித் தருவார்கள்.